வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள், இனி அப்பாவுக்கு என்ன செய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. ஆரணியில் பட்டு நெசவு. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. கன்னத்தில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இப்போது கழுத்தில் கட்டி வந்து உடைந்திருக்கிறது. நுரையீரலுக்கும் பரவிவிட்டதாம். "இனி கீமோ தாங்க மாட்டார், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஹாஸ்பிஸ் மாதிரி எங்காவது கிடைத்தாலும் பாருங்கள்" என்று சொல்லி, மார்ஃபின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்தியதால் பீரோவிலேயே வைத்திருக்கிறேன். ராத்திரி முழுக்க முனகுகிறார். கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, கடன் வாங்கியாவது சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்கிறான். ஹாஸ்பிஸில் விட்டால் அநாதையாக விட்ட மாதிரி என்கிறார் சித்தப்பா. அப்பாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை, புண் ஆறிவிடும் என்றே சொல்லி வருகிறோம். அம்மா சர்க்கரை நோயாளி, அவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நாங்கள் அப்பாவைக் கைவிட்டுவிட்டோமா, டாக்டர்?

வாசகி, ஆரணி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் அவற்றில் ஒன்று இன்று ராத்திரிக்குள் முடிய வேண்டியது. அதனால் பீரோவில் இருக்கும் மாத்திரையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அதை எழுதிக் கொடுத்த மருத்துவரையோ அந்தப் பிரிவு நர்ஸையோ போனில் பிடியுங்கள். சீட்டில் உள்ளதை வாசித்துக் காட்டுங்கள். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டா, வேறு தூக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் சரி என்றதும் முதல் மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். இன்னொரு ராத்திரி அவர் முனகிக்கொண்டு படுத்திருக்க எந்த அவசியமும் இல்லை.

வலி வரும்போது மட்டும் கொடுக்கிற மருந்து அல்ல இது. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். அதனால் மணி பார்த்துக் கொடுப்போம்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நடு ராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக, பெரும்பாலும் இரவு 10 மணிக்கு இரட்டிப்பு அளவு எழுதுவோம். வழக்கமாக 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கி, வலி அடங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவோம். உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் அப்பாவுக்கான அளவு. அடுத்த வேளைக்கு முன்னாலேயே வலி எழும்பினால் எவ்வளவு சேர்த்துக் கொடுக்கலாம் என்பதை மறக்காமல் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் மணி, எத்தனை மாத்திரை, பத்துக்கு எத்தனை வலி என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வாருங்கள். அடுத்த முறை அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய எங்களுக்கு ஸ்கேனைவிட அந்த நோட்டுதான் உதவும்.

கன்னத்தில் ஆபரேஷன், கரண்ட் எல்லாம் ஆனவர் என்பதால் வாய் சரியாகத் திறக்காமல் இருக்கலாம். சாதாரண மாத்திரை என்றால் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூங்கிக்கொண்டே இருப்பார். "பார்த்தாயா, மருந்து ஆளைச் சாய்த்துவிட்டது" என்று யாராவது சொல்வார்கள். பல ராத்திரிகளாகத் தூங்காதவர், வலி விட்டதும் அசந்து தூங்குகிறார், மருந்தின் மயக்கமும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும். வாந்தி உணர்வும் வந்தால் சில நாளில் அடங்கும், அதற்கு மாத்திரை உண்டு. மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. மார்ஃபின் ஆரம்பிக்கிற அன்றே மலமிளக்கியும் ஆரம்பித்தாக வேண்டும். அதை எழுதித் தராமல் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மிகவும் குறைந்துவிட்டது, கை கால் அடிக்கடி துள்ளுகிறது, கண்டபடி உளறுகிறார் என்றால் அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் போன் செய்யுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

இது ஆளைக் கொல்லும் மருந்து என்ற பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் பல காலமாக இந்த மருந்து கடைசி இரண்டு நாளில்தான் ஆளுக்குக் கிடைத்தது. கொடுத்த மறுநாள் போய்விட்டார் என்று குடும்பங்கள் நினைவில் வைத்துக்கொண்டன. சிறிய அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்றபடி கூட்டும் மார்ஃபின் மூச்சை நிறுத்துவதில்லை. வலிக்காக இப்படி முறையாக எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவதும் மிக அரிது. உலக சுகாதார நிறுவனம் 1986லேயே புற்றுநோய் வலிக்கு இதைப் படிப்படியாகக் கொடுக்கும் முறையை வகுத்துத் தந்துவிட்டது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே வாங்கி வைக்கத் தயங்கின. 2014ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். இன்றும் தெருமுனை மெடிக்கலில் கிடைப்பது கஷ்டம். உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கொடுக்காமல் முடக்கி வைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத, பத்திரமான இடத்தில் வைத்திருங்கள்.

அடுத்தது கழுத்துப் புண். வாடை பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் உடைந்த கட்டி என்றால் வாடை இருக்கும். அதனாலேயே பேரப்பிள்ளைகளை அவர் பக்கத்தில் விடாமல் இருப்பீர்கள், அவரும் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வார். நான் போகும் வீடுகளில் வலிக்கு அடுத்தபடியாக ஆளைக் குறுக வைப்பது இதுதான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் பொடியுப்பு போட்டு, பழைய கட்டுத் துணியை அதனால் நன்றாக நனைத்து மெதுவாக எடுங்கள், வறட்டு இழுவை கூடாது, ரத்தம் வரும். கழுவியபின் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண் மேல் தூவச் சொல்வோம். சில நாளில் வாடை நன்றாகக் குறையும். எவ்வளவு, எத்தனை வேளை என்று நர்ஸ் ஒருமுறை செய்து காட்டட்டும். புண்ணில் புழு கண்டால் அருவருத்து ஒதுங்க வேண்டாம், அதுவும் எடுத்துவிடக்கூடியதுதான். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறேன். கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கட்டியிலிருந்து சில பேருக்கு ஒருநாள் திடீரென்று நிறைய ரத்தம் போகலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்த ஆபத்து உண்டா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். உண்டு என்றால் கட்டில் அருகே இரண்டு மூன்று அடர்ந்த நிறத் துண்டுகள், கரும்பச்சையோ அரக்கோ, எப்போதும் மடித்து வைத்திருங்கள். வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தால் அவரும் மிரண்டுபோவார், நீங்களும் மிரண்டுபோவீர்கள். அந்த நேரத்தில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவர் அவர் கையை விடாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். மயக்கம் தரும் ஊசியை முன்கூட்டியே வீட்டில் வைக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேட்டு வையுங்கள்.

இவ்வளவு வேலை இருக்கிறது, பாருங்கள். "ஒன்றும் செய்வதற்கில்லை" என்று காதில் விழுந்ததும் எல்லாக் குடும்பமும் இடிந்துபோகிறது. நோயைக் குணமாக்கச் செய்ய ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் அப்பாவுக்குச் செய்ய வேண்டியது காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் உங்களோடு சேர்ந்து செய்வதுதான் ஹாஸ்பிஸ். அது ஒரு கட்டிடமாகவும் இருக்கலாம், வீட்டுக்கே வரும் ஒரு நர்ஸாகவும் இருக்கலாம்.

இந்த முறைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, அதன்பின் மருத்துவம் படித்தவர். 1967ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடம்பு வலியோடு பணக்கவலை, குடும்பக் கவலை, சாவு பயம் எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்று அவர் சொன்னதை இன்றும் எங்களுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். நம் பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993ல் தொடங்கிய வேலை, கேரளம் முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் தொண்டர்களாக வந்து சேர்ந்ததுதான் அங்கே பெரிய பலம்.

உங்கள் ஊருக்கு வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும் தருகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2021ல் அதைத் தொடங்கியபோதே, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் (பேலியேட்டிவ்) வீட்டிலேயே என்று சேர்த்துத்தான் தொடங்கினார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் நகலோடு போய், "பேலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வர வேண்டும்" என்று பெயரைப் பதிவு செய்யுங்கள். யாரைக் கேட்பது என்று புரியாவிட்டால் 104க்குப் போன் செய்யலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இதற்கென்று பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் பேலியேட்டிவ் பிரிவு உண்டு, ஆரணியிலிருந்து அது பெரிய தூரமில்லை. மார்ஃபின் தீரும்வரை காத்திருக்காமல், ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே யாராவது ஒருவர் நோட்டோடு போய் வாங்கி வரட்டும். பெரும்பாலான இடங்களில் நோயாளியை அழைத்துவரச் சொல்லி ஒவ்வொரு முறையும் வற்புறுத்த மாட்டார்கள்.

படுக்கை வசதியுள்ள ஹாஸ்பிஸும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னை மணலிக்குப் பக்கத்தில் மாத்தூரில் இருக்கும் ஜீவோதயா, முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணமில்லாமல் பார்த்துக்கொள்கிறது. உங்கள் சித்தப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் சேர்த்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று கிடையாது. வலி கட்டுக்குள் வராதபோது, புண்ணை வீட்டில் சமாளிக்க முடியாதபோது, பார்த்துக்கொள்கிறவருக்கே உடம்பு முடியாமல் போகும்போது, சில நாள் வைத்திருந்து சரிசெய்து திரும்ப அழைத்து வரலாம். நீங்களும் கூட இருக்கலாமா என்று கேளுங்கள். ஊர் பேசுவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: பேசுகிறவர்கள் யாரும் ராத்திரி 2 மணிக்கு அவருக்குக் கட்டு மாற்ற வரப்போவதில்லை.

தம்பி மேல் கோபப்படாதீர்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குக் குற்ற உணர்வு அதிகம், பணமாவது செலவழிக்கலாம் என்று துடிப்பார்கள். அவரிடம் வாதாடுவதைவிட, நர்ஸோ மருத்துவரோ வரும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு அவரையும் பேச வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்று அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அங்கே என்ன செய்வார்கள், அது நோயைக் குறைக்குமா, எத்தனை நாள் ஐ.சி.யு., அங்கே அப்பா பக்கத்தில் யாரை விடுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அந்த மருத்துவரின் பதிலை அவரே கேட்கட்டும். வென்டிலேட்டரில் வைத்தால் வாயில் குழாய், கையைக் கட்டிலோடு கட்டி வைக்க வேண்டியும் வரலாம். அதன்பிறகு அப்பா அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. டிக்கெட் போட்டு இப்போதே வரச் சொல்லுங்கள். அந்தக் கடன் பணத்தில் மிச்சம் இருந்தால் ஒரு ஏர் பெட், வாடகைக்கு, தலைப் பக்கத்தை உயர்த்தக்கூடிய ஒரு ஃபவ்லர் கட்டில், ராத்திரிக்கு ஒரு உதவியாள் என்று செலவழிக்கலாம்.

ஆதரவு சிகிச்சைக்குப் போனால் ஆயுசு குறையாதா என்று தம்பி கேட்டால், 2010ல் அமெரிக்காவின் பாஸ்டனில் வெளியான ஒரு ஆய்வைச் சொல்லுங்கள். நுரையீரல் புற்று பரவிய 151 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை, மற்றதற்கு அதனோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் சிகிச்சை. இரண்டாவது குழு மனச்சோர்வு குறைந்து நன்றாக இருந்தது, கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளையும் குறைவாகவே எடுத்துக்கொண்டது. அப்படியும் அவர்கள் வாழ்ந்த காலம் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம். முதல் குழுவுக்கு 8.9 மாதம். உங்கள் அப்பா இருக்கும் கட்டம் வேறு, அவருக்கு இத்தனை மாதம் கூடும் என்று நான் சொல்லவில்லை. வலியைத் தீர்ப்பது ஆயுளைக் குறைக்காது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. கௌரவத்தோடு சாவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வென்டிலேட்டர் போன்றவை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2023ல் அந்த நடைமுறையை இன்னும் எளிதாக்கி, இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் அதற்கு அப்பாவிடம் பேசியாக வேண்டும்.

அவரிடம் உண்மையைச் சொல்லாதது பற்றி. எதையும் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆகி, கரண்ட் வைத்து, அதன்பிறகும் கழுத்தில் கட்டி வந்து உடைந்திருக்கும் ஒருவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைக்கிறீர்களா? உங்கள் முகத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி தெரிந்திருக்கும். நீங்கள் அவருக்காக மறைக்கிறீர்கள், அவர் உங்களுக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறார். இந்த நாடகத்தில் இரண்டு பக்கமும் தனியாக அழுகிறது. வலி அடங்கிய ஒரு நாள், வீட்டில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, "உடம்பைப் பத்தி என்னப்பா நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள், அதுதான் கஷ்டம். "ஆறிடும்னுதானே சொல்றாங்க" என்று பேச்சை மாற்றினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. "இது ஆறுற மாதிரி தெரியலையேம்மா" என்றால், "ஆமாப்பா, நாங்க நினைச்ச மாதிரி ஆறல, உங்களுக்கு வலி இல்லாம பாத்துக்கறோம், கூடவே இருக்கோம்" என்று சொன்னால் போதும். மாதக்கணக்கு, நாள்கணக்கு எல்லாம் அவராகக் கேட்டால் மட்டும், அதுவும் மருத்துவர் வழியாக.

அந்தக் கதவு திறந்துவிட்டால் பிறகு அவரே பேசுவார். மாஸ்டர் வீவரிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு நிலுவை, யார் யாரிடமிருந்து வர வேண்டியிருக்கிறது, வீட்டுப் பத்திரம் எங்கே, பாங்க் கணக்கில் யார் பெயர் நாமினி, தறியில் பாதியில் நிற்கும் பாவு நூலை யார் நெய்து முடிப்பது. இவை அவரை உறுத்திக்கொண்டே இருக்கும், மார்ஃபினால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. எங்கே படுக்க ஆசை என்றும் கேளுங்கள். தறி இருக்கும் கூடத்தில் கட்டிலைப் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள். ஆள் நடமாட்டம், சத்தம் என்று நீங்கள் யோசிப்பீர்கள். ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்தில் வேலை செய்தவருக்கு உள் அறையின் அமைதிதான் பயமாக இருக்கும்.

சாப்பாடு. அம்மாவுக்கு இதுதான் தாங்க முடியாத விஷயமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பசிக்கிறது, ஆனால் கட்டி அடைப்பதால் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாக ட்யூப் வைப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம், அப்போது அது அவருக்கு ஆறுதல். பசியே இல்லை, வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்புகிறார் என்றால் விஷயம் வேறு. உடம்பு அடங்கிவரும் நேரத்தில் அது சாப்பாட்டைக் கேட்பதில்லை. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். "இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அந்தக் கட்டத்தில் ஏற்றுகிற தண்ணீர் காலில் வீக்கமாகவும் தொண்டையில் சளியாகவும்தான் சேரும். அவர் பட்டினியால் சாகவில்லை, நோயால்தான் சாப்பாடு நின்றது. இதை அம்மாவிடம் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊட்ட முடியாத அம்மாவுக்கு வேறு வேலை கொடுங்கள்: பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்குவது, கொஞ்சம் வெண்ணெய் தடவுவது, இளநீர் நாலு சொட்டு நாக்கில் விடுவது, அவர் விழித்திருக்கும்போது மட்டும்.

நாட்கள் நெருங்கும்போது என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முன்பே தெரிந்தால் அந்த நேரத்தில் ஓடாமல் பக்கத்தில் இருக்க முடியும். பெரும்பாலான நேரம் தூங்குவார். சிறுநீர் குறையும், நிறம் அடர்த்தியாகும். கை கால் குளிர்ந்து, தோலில் நீலமும் சிவப்புமாகத் திட்டு தெரியும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, சில நொடி நின்றுகூடப் போய், மறுபடி வரும். இழுத்துக்கொண்டிருக்கிறது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். பார்க்க நமக்குப் பதறும், அவர் அதை உணராத நிலையில்தான் பெரும்பாலும் இருப்பார். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். அதற்கு ஊசியும் உண்டு, தோலுக்கடியில் போடும் சின்ன ஊசி, வீட்டிலேயே போடலாம். மாத்திரை விழுங்க முடியாமல் போனாலும் வலி மருந்தை நிறுத்தக் கூடாது, அதையும் அதே வழியில் கொடுக்கலாம் என்பதை இப்போதே நர்ஸிடம் பேசி வையுங்கள். மூச்சு முட்டினால் தலைப் பக்கத்தை உயர்த்தி, டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வையுங்கள். முகத்தில் காற்று படுவதே பெரிய நிவாரணம். சிலர் கடைசி ஒன்றிரண்டு நாளில் அமைதியில்லாமல் துணியைப் பிடித்து இழுப்பார்கள், செத்துப்போன அம்மாவைக் கூப்பிடுவார்கள். அதற்கும் மருந்து உண்டு, போன் செய்யுங்கள்.

அவர் காது கேட்கிறது என்று நினைத்தே பேசுங்கள். கனடாவின் வான்கூவரில் ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாவுக்குச் சில மணி நேரம் முன், பேச்சுமூச்சற்று இருந்தவர்களில் சிலரின் மூளை அப்போதும் ஒலிக்குப் பதில் காட்டியது. அதனால் கட்டிலைச் சுற்றி நின்று செலவுக் கணக்கோ சொத்துப் பேச்சோ வேண்டாம். பேரப்பிள்ளைகள் வந்து தாத்தாவைத் தொட்டுப் பேசட்டும். அவருக்குப் பிடித்த பதிகமோ பழைய பாட்டோ மெதுவாக ஒலிக்கட்டும்.

அந்த நேரத்தில் பதறிப்போய் 108ஐக் கூப்பிட்டால் அவர்கள் கடமைப்படி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவார்கள். கேஷுவாலிட்டியில் நெஞ்சை அழுத்துவதும் குழாய் போடுவதுமாக முடியும். வீட்டில்தான் என்று முடிவெடுத்திருந்தால், யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்று அந்த நர்ஸின் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டில் இறந்தாலும் சான்றிதழுக்குச் சிக்கல் வராது. சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தை எழுதித் தருவார், யார் தருவார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். 21 நாட்களுக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். மிச்சம் இருக்கும் மார்ஃபினைக் குப்பையில் போடாமல், வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு மாத்திரைக்கும் அவர்கள் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

கைவிட்டுவிட்டோமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆனால் இதை நீங்கள் ஒருவரே தூக்கிச் சுமக்கப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ராத்திரி முறை போட்டுக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்கும் ஒரு ராத்திரி கொடுங்கள், அவரும் அண்ணனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஏங்கிக்கொண்டுதான் பேசுகிறார். அம்மா சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா, அதற்கு முன் ஏதாவது சாப்பிடுகிறாரா என்று தினமும் ஒருவர் பாருங்கள். நர்ஸ் வீட்டுக்கு வரும்போது அப்பாவைப் பார்த்து முடித்ததும் அம்மாவுக்கும் சர்க்கரை, பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள், அதுவும் அவர்கள் வேலைதான். அப்பாவுக்குப் பிறகும் சில மாதம் அம்மாவை வந்து பார்க்க முடியுமா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.